'ஓல்ட்பாய்' பாதியில் நின்றுவிட்டது, இனி எந்தக் கொரியப் படம்?

கேள்வி: 'பாரசைட்', 'ட்ரெய்ன் டு பூசான்' இரண்டும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அந்தத் தைரியத்தில், கட்டாயம் பார்க்க வேண்டிய கொரியப் படம் என்று எங்கோ படித்ததை நம்பி 'ஓல்ட்பாய்' போட்டேன். அம்மா பாதியில் எழுந்து போய்விட்டார், பத்தாவது படிக்கும் தம்பியை நானே வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று. காதல், நகைச்சுவை, சரித்திரம், பேய் என்று வகைவகையாக எதைப் பார்க்கலாம், எதை யாரோடு பார்க்கலாம்? டப்பிங்கில் பார்க்கலாமா, சப்டைட்டிலா? – திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்.

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை. 'ஓல்ட்பாய்' 2004இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் ப்ரீ வாங்கிய படம், பெரிய படம்தான், ஆனால் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று கேட்காமல் அதை யாருக்கும் சொல்லக் கூடாது. நல்ல வேளை, பாதியில் நிறுத்தினீர்கள். அதற்கு அப்புறம் வருவது இன்னும் கடினம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொரியப் படங்களை வகை பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அடிக்கடி ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் அங்கே நல்ல இயக்குநர்கள் யாரும் ஒரு வகைக்குள் நிற்பதில்லை. 'பாரசைட்' நீங்கள் பார்த்ததுதானே, மழை கொட்டும் இரவில் அழைப்பு மணி அடிக்கும் வரை அது ஒரு நகைச்சுவைப் படம், கதவைத் திறந்த பிறகு அது வேறு படம். அதை இயக்கிய போங் ஜூன்-ஹோ 2006இல் எடுத்த 'த ஹோஸ்ட்' ஆற்றிலிருந்து கிளம்பும் ராட்சத மிருகத்தின் கதை, ஆனால் அதில் மகளைப் பறிகொடுத்த குடும்பம் அஞ்சலிக் கூடத்தில் தரையில் புரண்டு அழும் காட்சியில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நாம் தவித்துப் போவோம். அதனால் நான் வகையை வைத்துச் சொல்லப் போவதில்லை, உங்கள் வீட்டுக் கூடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்துச் சொல்கிறேன்.

வயதுச் சான்றிதழை நம்பலாமா என்றால், பாதிதான் நம்பலாம். கொரியாவில் எல்லோருக்கும், 12, 15, பெரியவர்களுக்கு மட்டும் என்று பிரிக்கிறார்கள். கடைசிப் பிரிவில் உள்ளதைத் தம்பியோடு பார்க்க வேண்டாம், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. சிக்கல் 15இல்தான். 'பாரசைட்' அங்கே 15, நிறைய பேரைத் தூங்கவிடாமல் செய்த 'த வெய்லிங்' படமும் 15தான். ஆகவே 15 என்று பார்த்ததும் குடும்பப் படம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, அம்மாவில் தொடங்குவோம். 'த வே ஹோம்', 2002, இயக்கியவர் லீ ஜோங்-ஹ்யாங் என்ற பெண் இயக்குநர். சியோலில் வளர்ந்த ஏழு வயதுப் பையனை அவன் அம்மா மலைக்கிராமத்தில் தன் தாயிடம் விட்டுவிட்டுப் போகிறாள். பாட்டிக்குப் பேச வராது, எழுதப் படிக்கத் தெரியாது, முதுகு முழுக்க வளைந்துவிட்டது. பையனோ கையடக்க வீடியோ கேமுக்கு பேட்டரி வேண்டும் என்று பாட்டியின் கொண்டை ஊசியையே திருடுகிறான். ஒருநாள் அவன் கென்டக்கி சிக்கன் கேட்கிறான், பாட்டி அவன் கையசைவைப் பார்த்துக் கோழி என்று புரிந்துகொண்டு மழையில் நனைந்தபடி ஒரு கோழி வாங்கி வந்து, தனக்குத் தெரிந்த விதத்தில் முழுசாக வேகவைத்துக் கொடுக்கிறாள். பையன் அழுது புரள்கிறான். இந்தப் படத்தில் பெரிய திருப்பம் எதுவும் கிடையாது, ஆனால் கடைசியில் அந்தப் பையன் பாட்டிக்காக ஊசிகளில் வரிசையாக நூல் கோத்து வைப்பதைப் பார்த்தபோது எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்து படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். பாட்டியாக வரும் கிம் ஊல்-பூன் அதற்கு முன் நடித்ததே இல்லை. உங்கள் அம்மா இதிலிருந்து எழுந்து போகமாட்டார்.

அதற்கு அடுத்து 'கிறிஸ்துமஸ் இன் ஆகஸ்ட்', 1998. சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன், அவனுக்கு அதிக நாள் இல்லை என்று படம் ஆரம்பத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது, அந்த நேரம் பார்த்து போக்குவரத்துத் துறையில் வேலை செய்யும் ஒரு பெண் பிலிம் கழுவ வருகிறாள். காதல் படம் என்றுதான் இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் மறக்க முடியாதது அவன் தன் அப்பாவுக்கு வீடியோ பிளேயரை இயக்கக் கற்றுக்கொடுக்கும் காட்சி. எத்தனை தடவை சொன்னாலும் அப்பாவுக்கு வரவில்லை, அவன் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறான், பிறகு உட்கார்ந்து எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்கிறான். தான் இல்லாதபோது அப்பாவுக்கு யார் சொல்லித் தருவார்கள் என்பதை ஒரு வரி வசனம்கூட இல்லாமல் காட்டிவிடுகிறார்கள்.

தம்பியும் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்றால் 'எக்ஸ்ட்ரீம் ஜாப்', 2019. போதைக் கும்பலைக் கண்காணிக்க போலீஸ்காரர்கள் ஒரு சிக்கன் கடையை எடுத்து நடத்துகிறார்கள், கடை பிய்த்துக்கொண்டு ஓடுகிறது, கும்பலைப் பிடிக்க நேரமில்லாமல் போகிறது. கொரியாவில் திரையரங்கில் மட்டும் 1.6 கோடிப் பேர் பார்த்த படம், அந்த நாட்டு மக்கள்தொகையே ஐந்து கோடி சொச்சம்தான். 'மை சாஸி கேர்ள்' 2001இல் வந்தது, ஆசியா முழுக்க ஓடியது, முதல் பாதி இன்றும் கலகலப்பு, இரண்டாம் பாதி கொஞ்சம் இழுக்கும், பரவாயில்லை. இவை இரண்டைவிட எனக்கு நெருக்கமானது 'காஸ்ட்அவே ஆன் த மூன்', 2009. கடனில் மூழ்கிய ஒருவன் சியோல் நகரத்தின் நடுவே ஓடும் ஹான் ஆற்றில் உள்ள பாம்சோம் தீவில் ஒதுங்குகிறான், சுற்றிலும் மாடிக் கட்டடங்கள் தெரிகின்றன, நீச்சல் தெரியாததால் வெளியேற முடியவில்லை. ஒரு கருப்பு பீன்ஸ் நூடுல்ஸ் சாஸ் பாக்கெட் கிடைக்கிறது, அதற்கு நூடுல்ஸ் வேண்டுமே என்று பறவை எச்சத்திலிருந்து விதை பொறுக்கி விவசாயம் பார்க்க ஆரம்பிக்கிறான். படம் தற்கொலை முயற்சியோடு தொடங்குகிறது, அதைத் தெரிந்துகொண்டு வீட்டில் போடுங்கள், மற்றபடி இவ்வளவு இதமான படம் அபூர்வம்.

சரித்திரம் கேட்டிருக்கிறீர்கள். இதற்குத்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. வாளும் அரண்மனையும் வேண்டுமானால் 'த த்ரோன்' (2015) ஒன்று போதும். 1762இல் ராஜா யோங்ஜோ தன் மகன் சாடோவை அரிசிப் பெட்டிக்குள் அடைத்துப் பூட்ட, எட்டாம் நாள் அவன் இறந்து போன உண்மைக் கதை. ஆனால் கொரிய சினிமாவைப் புரிந்துகொள்ள உதவும் சரித்திரம் அது அல்ல, 1979 முதல் 1987 வரையிலான எட்டு வருடம்தான். அதை நான்கு படங்களில், வெளியான வருடத்தை மறந்துவிட்டு, நடந்த வரிசையில் பாருங்கள். முதலில் 'த மேன் ஸ்டாண்டிங் நெக்ஸ்ட்' (2020): 1979 அக்டோபர் 26 அன்று சர்வாதிகாரி பார்க் சுங்-ஹீயை அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றது. அடுத்து '12.12: த டே' (2023): அதே வருடம் டிசம்பர் 12 இரவு ஜெனரல் சுன் டூ-ஹ்வான் ராணுவத்தைக் கைப்பற்றியது, ஒரே இரவில் நடக்கும் கதை, முடிவு தெரிந்திருந்தும் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்ப்போம். மூன்றாவது 'எ டாக்ஸி டிரைவர்' (2017): 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் ராணுவம் மக்களைச் சுட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு லட்சம் வோன் வாடகை என்பதற்காக மட்டும் ஜெர்மன் செய்தியாளர் யூர்கன் ஹின்ட்ஸ்பீட்டரை சியோலில் இருந்து அங்கே கூட்டிப் போன டாக்சிக்காரர். ஹின்ட்ஸ்பீட்டர் அவரைத் தன் வாழ்நாள் முழுக்கத் தேடியும் கண்டுபிடிக்கவில்லை, 2016இல் இறந்துவிட்டார். படம் வந்த பிறகுதான் டாக்சிக்காரரின் மகன் முன்வந்து, தன் அப்பா 1984லேயே புற்றுநோயில் காலமாகிவிட்டார் என்று சொன்னார். நான்காவது '1987: வென் த டே கம்ஸ்' (2017). போலீஸ் சித்திரவதையில் பார்க் ஜோங்-சோல் என்ற மாணவர் இறக்கிறார், மேஜையைத் தட்டியதும் அதிர்ச்சியில் செத்துவிட்டான் என்று போலீஸ் சொல்கிறது, அந்தப் பொய்யை ஒரு அரசு வழக்கறிஞர், ஒரு டாக்டர், ஒரு செய்தியாளர், ஒரு சிறைக்காவலர் என்று ஆளுக்கொரு பக்கம் உடைக்க, நாடே தெருவுக்கு வருகிறது. நான்கையும் ஒரே வாரத்தில் பார்க்காதீர்கள், மனசு தாங்காது. தம்பிக்கு மூன்றாவதைக் கட்டாயம் காட்டுங்கள், சுடும் காட்சிகள் இருக்கின்றன, நீங்களும் கூடவே இருங்கள்.

இந்த நான்கையும் பார்த்த பிறகு 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) போடுங்கள். வழக்கமாக இதைத் தொடர்கொலைத் த்ரில்லர் என்று முதலிலேயே பார்க்கச் சொல்வார்கள், நான் இங்கே வைப்பதற்குக் காரணம் உண்டு. 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் பகுதியில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்ட உண்மைச் சம்பவம் அது. படத்தில் ஒரு இரவு, இன்று கொலை நடக்கும் என்று தெரிந்து போலீஸார் கூடுதல் படை கேட்கிறார்கள், படை முழுக்க ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறது என்று பதில் வருகிறது. மேலே சொன்ன படங்களைப் பார்த்திருந்தால்தான் அந்த ஒரு வரி நெஞ்சில் அறையும். சந்தேகப்பட்டவர்களை அடித்து வாக்குமூலம் வாங்கும் காட்சிகளும் சிரிப்பாகத் தொடங்கி சிரிப்பை உறையவைக்கும். கொலைகாரன் படம் பார்க்க வந்தால் அவன் கண்ணுக்குள் பார்க்க வேண்டும் என்றுதான் கடைசிக் காட்சியில் துப்பறிவாளராக நடித்த சோங் காங்-ஹோவை நேராக கேமராவைப் பார்க்க வைத்தார் இதையும் இயக்கிய போங் ஜூன்-ஹோ. 2019இல் டிஎன்ஏ சோதனையில் ஆள் யாரென்று தெரிந்தது, 1994இல் செய்த வேறொரு கொலைக்காக அவன் ஏற்கெனவே சிறையில் இருந்தான். அந்தப் படத்தைப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை என்று 2020இல் நீதிமன்றத்தில் சொன்னான். அந்தப் பத்துக் கொலைகளில் ஒன்றுக்காகத் தவறாகத் தண்டிக்கப்பட்டு 20 வருடம் உள்ளே கிடந்த ஒருவரை நிரபராதி என்று அறிவித்ததும் அந்த 2020 டிசம்பரில்தான். இதை அம்மா, தம்பி இல்லாமல் பாருங்கள்.

பேய்ப் படத்தில் எளிதானதிலிருந்து போகலாம். 'எக்ஸ்ஹியூமா' (2024) நல்ல தொடக்கம்: ஒரு பணக்காரக் குடும்பத்தின் மூதாதையர் கல்லறையைத் தோண்டி இடம் மாற்ற, மண் பார்த்து நல்ல இடம் சொல்லும் நிபுணர் ஒருவரும் முடாங் எனப்படும் சாமியாடிப் பெண்ணும் வருகிறார்கள். கோடை காலத்துக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டும் சாமியாட்டமும் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அந்தச் சடங்குக் காட்சிகள் அந்நியமாகவே இருக்காது. 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' (2003) நிதானமானது, ஒரு பழைய நாட்டுப்புறக் கதையிலிருந்து வந்தது, இரண்டு தடவை பார்த்தால்தான் முழுசாகப் புரியும். 'த வெய்லிங்' (2016) இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும், யாரை நம்புவது என்று நம்மைக் கடைசி நிமிடம் வரை அலைக்கழிக்கும், நல்ல மனநிலையில் இருக்கும்போது மட்டும் தொடுங்கள்.

சண்டைப் படம் என்றால் 'த மேன் ஃப்ரம் நோவேர்' (2010). அவ்வளவுதான். 'ட்ரெய்ன் டு பூசான்' படத்தில் கர்ப்பிணி மனைவியோடு வரும் அந்தப் பெரிய கை மனிதர் மா டோங்-சியோக்கைப் பிடித்திருந்தால் அவருடைய 'த அவுட்லாஸ்' வரிசையையும் பார்க்கலாம், இவற்றில் ரத்தம் உண்டு.

டப்பிங், சப்டைட்டில் கேள்விக்கு வருகிறேன். 'எக்ஸ்ட்ரீம் ஜாப்' மாதிரி படங்களைத் தமிழ் டப்பிங்கில் பார்ப்பதில் பெரிய நஷ்டம் இல்லை, அம்மாவுக்கு அதுதான் வசதி என்றால் தாராளமாகப் போடுங்கள். மற்றவற்றுக்குச் சப்டைட்டில்தான். கொரிய மொழியில் நம் நீ, நீங்கள் மாதிரி, அதைவிடக் கூடுதலாகவே மரியாதைப் படிகள் உண்டு, ஒரு பாத்திரம் எந்த இடத்தில் படி மாறுகிறது என்பதிலேயே பாதிக் கதை இருக்கும், அது காதில் விழ வேண்டும். 'த மேன் ஃப்ரம் நோவேர்' படத்தின் கொரியப் பெயர் 'அஜோஷி', பக்கத்து வீட்டு ஆளைக் குழந்தைகள் மாமா என்று கூப்பிடுமே அந்தச் சொல். அந்தப் படம் முழுக்கவே பக்கத்து வீட்டுச் சிறுமி நாயகனை அப்படிக் கூப்பிடும் உரிமையைப் பற்றியது. அம்மாவை அவர்கள் ஓம்மா என்றும் அப்பாவை அப்பா என்றும் அழைப்பார்கள், பத்து நிமிடத்தில் காது பழகிவிடும்.

நீங்கள் மட்டும் தனியாகப் பார்க்க இயக்குநர் லீ சாங்-டோங்கின் 'பொயட்ரி' (2010). ஞாபகம் மறந்துகொண்டே வரும் ஒரு பாட்டி கவிதை எழுதக் கற்க வகுப்பில் சேர்கிறாள், அதே நேரத்தில் ஒரு பள்ளி மாணவியின் சாவில் தன் பேரனுக்குப் பங்கிருப்பது அவளுக்குத் தெரிய வருகிறது. இதற்கு மேல் சொன்னால் கெடுத்துவிடுவேன். பழைய படங்கள் மேல் ஆசை வந்தால் கொரிய திரைப்பட ஆவணக் காப்பகம் யூடியூபில் ஆங்கிலச் சப்டைட்டிலோடு இலவசமாகவே நிறைய வைத்திருக்கிறது, 1961இல் வந்த 'எய்ம்லெஸ் புல்லட்' அங்கே தேடிப் பாருங்கள்.

கடைசியாக 'ஓல்ட்பாய்'. அதை ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள், அதை எடுத்த பார்க் சான்-வூக் அவ்வளவு முக்கியமான இயக்குநர். அவருடைய 'ஜாயிண்ட் செக்யூரிட்டி ஏரியா' (2000) படத்தை முதலில், தம்பியோடு சேர்ந்தே பாருங்கள், எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் காவல் நிற்கும் வட, தென் கொரியச் சிப்பாய்கள் ராத்திரியில் திருட்டுத்தனமாக நண்பர்களாவதும் அதன் விலையும். அடுத்து 'டிசிஷன் டு லீவ்' (2022), ஒரு துப்பறிவாளனுக்கும் அவன் சந்தேகிக்கும் பெண்ணுக்கும் இடையிலான காதல். இந்த இரண்டும் முடிந்து அவருடைய கண் எப்படிப் பார்க்கிறது என்று பழகிய பிறகு, வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் 'ஓல்ட்பாய்' போடுங்கள். பாதியில் நிறுத்திய இடத்திலிருந்து வேண்டாம், முதலிலிருந்து.