சீட்டை எண்ணியதற்கு வழக்கு வருமா?

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கிறேன். போன மாதம் லாஸ் வேகாஸில் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் ஆடும்போது மனதுக்குள் சீட்டை எண்ணினேன். மேலாளர் வந்து, "இனி இந்தக் கேசினோவுக்கு வராதீர்கள்" என்று அனுப்பிவிட்டார். 1,800 டாலர் சிப்ஸை (பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் கட்டும் வில்லைகளை) மாற்றித் தரவில்லை. அது என் கையிலேயே இருக்கிறது. வழக்கு வருமா? அடுத்த முறை நண்பர் போனில் எண்ணும் ஆப் கொண்டுவருவதாகச் சொல்கிறார்.

பதில்: குற்ற வழக்கு வராது, பயப்படாதீர்கள். 2 முதல் 6 வரை விழுந்தால் ஒன்று கூட்டுவது, பத்தும் படச்சீட்டும் ஏஸும் விழுந்தால் ஒன்று கழிப்பது, கணக்கு ஏறும்போது பந்தயத்தை உயர்த்துவது, இதெல்லாம் திறமை. மேசையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த சீட்டைத்தானே எண்ணினீர்கள்? லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் சட்டம் இதை மோசடியாகப் பார்ப்பதில்லை.

ஆனால் உங்களை வெளியே அனுப்பும் உரிமை அங்கே கேசினோவுக்கு உண்டு. நியூ ஜெர்சியில் கதை வேறு. 1982-ல், சீட்டை எண்ணி ஆடும் கென் யூஸ்டன் தொடர்ந்த வழக்கில், எண்ணுகிறார் என்பதற்காகக் கேசினோ தானாக ஒருவரை விலக்க முடியாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் ஆடியது நெவாடாவில். எச்சரித்த பிறகும் அதே கேசினோவுக்குப் போனால் அத்துமீறி நுழைந்த குற்றம் ஆகிவிடும்.

அதனால் சிப்ஸை மாற்ற நேரில் போகவே போகாதீர்கள். பணத்தை எப்படித் தருவார்கள் என்று கேசினோவுக்கு எழுதிக் கேளுங்கள். மறுத்தால், கேசினோக்களை மேற்பார்க்கும் அரசு அமைப்பான நெவாடா கேமிங் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுங்கள். தகராறு 500 டாலரோ அதற்கு மேலோ என்றால் கேசினோவே வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பொய் அடையாள ஆவணம் காட்டி ஆடிய ஒருவரின் வழக்கில்கூட, ஜெயித்தது அவருடைய திறமையால்தான் என்று சொல்லி 2000-ல் நெவாடா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதற்காகப் பொய் ஆவணத்தைத் தொட்டுவிடாதீர்கள்; அது தனிக் குற்றம்.

நண்பரின் ஆப்தான் எனக்குப் பெரிய கவலை. தலைக்குள் எண்ணினால் குற்றமில்லை. அதே கணக்கைக் கருவி போட்டால் நெவாடாவில் கடுங்குற்றம், சிறை வரை போகும். 1985 முதலே இப்படித்தான். ஆட்டத்தில் பயன்படுத்தும் எண்ணத்தோடு கையில் வைத்திருந்தாலே போதும். அவர் ஆப்பைப் பார்த்துச் சைகை காட்ட, நீங்கள் பந்தயம் கட்டினால் நீங்களும் கூட்டாளி. அந்த ஆப் இருக்கும்வரை அவரோடு ஒரே மேசையில் உட்காராதீர்கள்.