'ஆர்கானிக்' டேக் போட்ட சட்டை: திருப்பூர்ல இருந்து கொஞ்சம் கேள்வி பதில்

(பனியன் கம்பெனில சர்டிபிகேட் பேப்பரோட மாரடிக்கறதுதான் நம்ம வேலைங்க, துணிக்கடைங்க சொல்ற 'பச்சை' சமாச்சாரம் பத்தி கேக்கச் சொன்னேன், வந்ததுல சிலது.)

அக்கா, பாப்பாவுக்கு வாங்கின சட்டை டேக்ல 'ஆர்கானிக் காட்டன்'னு இலை படம் போட்டிருக்கு, நம்பலாமா?

இலை படம் யாரு வேணா அச்சடிக்கலாம் கண்ணு. கோட்ஸ் (GOTS, ஆர்கானிக் துணிக்கு உலக அளவுல தர்ற தர முத்திரை) லோகோ இருக்கா பாரு, கூடவே லைசென்ஸ் நம்பர் இருக்கணும், அதை அவங்க சைட்ல போட்டா எந்த கம்பெனின்னு வந்துரும். லோகோல வெறும் 'ஆர்கானிக்'னு இருந்தா 95 சதவீதமாவது ஆர்கானிக் நூல், 'மேட் வித் ஆர்கானிக்'னா 70 இருந்தாலே போதும்.

அந்த சர்டிபிகேட்டே போலியா இருந்தா?

இருந்திருக்கே! 2020ல நம்ம நாட்டுலயே 20,000 டன் பஞ்சுக்கு போலி டிசி ஓடிருக்கு, க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணா அரசாங்க சைட் மாதிரியே ஒரு டூப்ளிகேட் சைட் தொறக்குமாம், கோட்ஸ்காரங்களே கண்டுபிடிச்சு 11 கம்பெனிக்கு தடை போட்டாங்க. டிசின்னா ஸ்கூல் டிசி இல்லைங்க, டிரான்சாக்ஷன் சர்டிபிகேட், சரக்கு கை மாறும்போது கூடவே போற பேப்பர். ஷோரூம் செவுத்துல ஃப்ரேம் போட்டு மாட்டறது பெரும்பாலும் ஸ்கோப் சர்டிபிகேட், அது 'இவங்க ஆர்கானிக் சரக்கு பண்ணலாம்'னு சொல்லுமே தவிர நீங்க கைல வச்சிருக்கற சட்டை ஆர்கானிக்னு சொல்லாது, பையருங்களே இதுல குழம்பறாங்க.

மூங்கில் துணி நல்லதா சார்?

சார் இல்லைங்க, அக்கா. மூங்கிலை கெமிக்கல்ல கரைச்சு இழை எடுத்தா அது ரேயான்தான். அதை 'மூங்கில்'னு வித்ததுக்கு அமெரிக்கால 2022ல வால்மார்ட், கோல்ஸ்னு ரெண்டு பெரிய கடைக்காரங்க 30 லட்சம் டாலர், 25 லட்சம் டாலர்னு கட்ட வேண்டியதாச்சு.

ஒரு பிராண்டு '2030க்குள்ள கார்பன் பாதியா குறையும்'னு சொல்றாங்க, எதைப் பாக்கணும்?

எதுல பாதின்னு பாருங்க. கடை லைட்டு, ஏசி மட்டும்னா அது சில்லறை, துணி யாவாரத்துல கார்பன்ல பெரும்பங்கு பஞ்சு, நூல் மில்லு, சாயப்பட்டறைன்னு சரக்கு தயாராகற இடத்துலதான் கிடக்கு, பிராண்டுக்கு அதெல்லாம் ஸ்கோப் 3 (பிராண்டுக்கு வெளிய, சப்ளையருங்க மாதிரி ஆளுங்க கிட்ட ஆகற கார்பன்) கணக்குல வரும். அப்புறம் 'ஒரு சட்டைக்கு' குறைச்சோம்னு சொல்லிட்டு சட்டை ரெண்டு மடங்கு வித்தா மொத்தம் எங்க குறையும்?

சாயத்தண்ணி பத்தி அந்த டேக் ஏதாவது சொல்லுமா?

'ஆர்கானிக் பஞ்சு'ன்னு மட்டும் எழுதியிருந்தா ஒண்ணும் சொல்லாது, பஞ்சு வேற சாயம் வேற. நொய்யல் ஆறு கெட்டுப்போய் 2011ல ஹைகோர்ட்டு எங்க ஊரு சாயப்பட்டறைங்களை மூடச் சொன்னப்ப உள்ள ஓடிட்டிருந்த துணில ஆர்கானிக்கும் இருந்திருக்கும்ல. கோட்ஸ்னா பட்டறையோட கழிவுநீரையும் பாப்பாங்க.

பொய்னு தெரிஞ்சா எங்க சொல்றது?

1915க்கு போன் போடுங்க, அது நுகர்வோர் ஹெல்ப்லைன். 2024 அக்டோபர்ல இருந்து இந்த மாதிரி பொய் 'பச்சை' விளம்பரத்துக்குன்னே வழிகாட்டு விதி இருக்கு. டேக்கையும் பில்லையும் தூக்கி எறிஞ்சிராதீங்க.