கீமோவும் குமட்டலும்: வாசகர் கேள்விகளுக்குப் புற்றுநோய் மருத்துவரின் பதில்கள்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். முதல் கீமோ அன்று தெம்பாகவே இருந்தார். மூன்றாம் நாள் வீட்டில் வாந்தி ஆரம்பித்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

ஒத்துக்கொள்ளாதது இல்லை. கீமோ வாந்தி இரண்டு தவணையாக வரும். முதல் 24 மணி நேரத்தில் வருவது குடலிலிருந்து கிளம்புவது. மருந்து பட்டதும் குடல் சுவரின் சில செல்கள் செரட்டோனினைக் கொட்டும், நரம்பு வழியாகச் சேதி மூளைக்குப் போகும். ஒண்டான்செட்ரான், பலோனோசெட்ரான் ஆகிய வாந்தித் தடுப்பு மருந்துகள் அடைப்பது இந்த வழியைத்தான். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை வரும் வாந்தியின் பாதை வேறு. அதில் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற ரசாயனத்துக்கு மூளையில் பெரிய பங்கு உண்டு. அங்கே ஒண்டான்செட்ரான் மட்டும் போட்டால் அவ்வளவாக எடுபடாது. அதற்காகவே அப்ரெபிடன்ட், டெக்ஸாமெத்தசோன், ஓலான்சபின் எல்லாம் சேர்க்கிறோம்.

அம்மாவுக்குப் போட்டது சிவப்பு மருந்தாக இருந்தால் (டாக்ஸோரூபிசின், கூடவே சைக்ளோபாஸ்பமைட்), அது வாந்தியை அதிகம் கிளப்பும் கூட்டணி. பெண்கள், 50 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், மசக்கையில் மிகவும் கஷ்டப்பட்டவர்கள், பஸ் ஏறினாலே வாந்தி எடுப்பவர்கள் ஆகியோருக்கு இன்னும் அதிகம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். 'மூன்று நாள், காலை' என்று எழுதிய மாத்திரை அநேகமாக டப்பாவிலேயே இருக்கும். "வாந்தி வந்தால் போட்டுக்கொள்ளலாம்" என்று எடுத்து வைத்திருப்பீர்கள். நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான். இந்த மாத்திரைகள் வாந்தி வராமல் தடுக்கத் தரப்படுபவை. வந்த பிறகு அடக்குவது அதைவிடக் கஷ்டம். ஒழுங்காகப் போட்டும் வந்தது என்றால், எந்த நாள், எத்தனை தடவை என்று எழுதிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். அடுத்த சைக்கிளில், அதாவது அடுத்த கீமோ சுற்றில், மருந்தை மாற்றலாம். "பரவாயில்லை டாக்டர், தாங்கிக்கிட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போகிறவர்களுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

ஓலான்சபின் மனநோய்க்கான மாத்திரை என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். பயமாக இருக்கிறது.

கடைக்காரர் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மனச்சிதைவுக்கு மாதக்கணக்கில் தருகிற மருந்து இது. மூளையில் வாந்திச் சேதியை வாங்கும் பல ஏற்பிகளை ஒரே நேரத்தில் தடுப்பதால், குறைந்த அளவில் சில நாட்களுக்கு மட்டும் இங்கே பயன்படுகிறது. இதில் தொல்லை தூக்கம்தான். முன்பு 10 மில்லிகிராம் கொடுத்தோம், மறுநாள் மதியம்வரை நோயாளி தள்ளாடுவார். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2024-இல் வெளியிட்ட ஆய்வில் 2.5 மில்லிகிராமே அதற்கு ஈடாக வேலை செய்தது, தூக்க மயக்கமும் குறைவு. இரவில் போடுங்கள். மறுநாள் வண்டி ஓட்ட வேண்டாம். வீட்டில் மெட்டோக்ளோபிரமைடு என்ற இன்னொரு வாந்தி மாத்திரை இருந்தால், கேட்காமல் இதோடு சேர்க்காதீர்கள்.

ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே குமட்டுகிறது. ஊசி போடும் முன்பே வாந்தி. பிரமை என்கிறார் கணவர்.

பிரமை இல்லை, உடம்பு படித்துக்கொண்ட பாடம். 1978-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. கீமோவுக்கு முன் குழந்தைகளுக்குப் புதுச் சுவையுள்ள ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். பிறகு அதே ஐஸ்கிரீமை நீட்டியபோது அவர்களில் பலர் தொடவில்லை. வாந்திக்குக் காரணம் மருந்து, பழி விழுந்தது ஐஸ்கிரீம் மேல். உங்களுக்கு அந்த வாசலும் டெட்டால் வாடையும் அப்படி ஆகிவிட்டன.

இப்படி ஆன பிறகு வாந்தி மாத்திரை அதிகம் உதவாது. முந்தின இரவும் அன்று காலையும் பதற்றம் தணிக்கும் லோராசெபாம் தருவதுண்டு. தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் உண்மையாகவே பலன் தருகின்றன. மனநல ஆலோசகர் இருந்தால் பாருங்கள். இன்னொன்று, கீமோ அன்று மீன் குழம்பு, பிரியாணி என்று பிடித்ததைச் செய்து ஊட்ட வேண்டாம். ஐஸ்கிரீமின் கதி அதற்கும் வரலாம்.

இஞ்சிச் சாறு கொடுக்கலாமா?

இஞ்சி டீ, சுக்கு காபி தாராளமாக. சிலருக்குக் குமட்டல் குறைகிறது, ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. மருந்துக்குப் பதிலாக வேண்டாம். பிளேட்லெட் குறைந்தவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர்களும் இஞ்சி கேப்ஸ்யூல், லேகியம் பக்கம் கேட்காமல் போகக் கூடாது.

சமையல் வாசனையே ஆகவில்லை. என்ன கொடுப்பது?

தாளிப்பை அவர் தூங்கும் நேரத்தில் முடியுங்கள். சூடான சாப்பாட்டில்தான் வாடை அதிகம். ஆறிய இட்லி, வடித்த கஞ்சி, புதுத் தயிரில் பிசைந்த சோறு நல்லது. படுக்கையை விட்டு எழும் முன் பொரியோ ரஸ்க்கோ நாலு வாய். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமாகக் கொடுங்கள், "இன்னும் ஒரு வாய்" என்று வற்புறுத்த வேண்டாம். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையிடையே மடக்கு மடக்காகக் குடிக்கட்டும். வாயில் உலோக ருசி அடித்தால் எவர்சில்வர் கரண்டியை ஒதுக்கிவிட்டுப் பீங்கான் கரண்டிக்கு மாறுங்கள். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது.

கேபசிடபின் என்ற கீமோ மாத்திரை விழுங்கிய பத்தே நிமிடத்தில் வாந்தி. மறுபடி போடலாமா?

போடாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. அடுத்த வேளை வழக்கம்போல. சாப்பிட்டு அரை மணிக்குள் போட வேண்டிய மாத்திரை அது, வெறும் வயிற்றில் போட்டீர்களா என்று பாருங்கள். வெளியே வந்தது வாந்தி மாத்திரை என்றால், நாக்கில் கரையும் ஒண்டான்செட்ரான் கேளுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்காவிட்டால். சிறுநீர் குறைந்து கருத்தால். வாந்தியில் ரத்தமோ காபித்தூள் போன்றதோ வந்தால். தலைவலியோ குழப்பமோ கூடவே இருந்தால். காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் வாந்தி இருக்கிறதா இல்லையா என்றே பார்க்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.

எல்லா வாந்திக்கும் கீமோவே காரணம் என்றும் இல்லை. ஒண்டான்செட்ரான் மலச்சிக்கலைத் தரும், நாலு நாள் வெளியே போகாத வயிறும் குமட்டும். வயிறு உப்பி, காற்றும் பிரியவில்லை என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். ரத்தத்தில் கால்சியம் ஏறினாலும் வாந்தி வரும். போகும்போது கீமோ அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். ராத்திரி பணியில் இருக்கும் மருத்துவருக்கு என்ன மருந்து, எந்தத் தேதியில் போட்டது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.