பாலிஅமீன்கள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

செல் வளர்ச்சியில் பாலிஅமீன்கள் என்ற சிறு மூலக்கூறுகளின் வேலை என்ன என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: புட்ரெசின் என்றால் அழுகிய இறைச்சியின் நாற்றம் என்றுதான் படித்தோம். உயிருள்ள செல்லில் அதற்கு என்ன வேலை?

பதில்: 1885-ல் லுட்விக் பிரீகர் அழுகிய சதையில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் ஆகிய மூன்று பாலிஅமீன்களும் நம் செல்களில் எப்போதும் இருப்பவை. முறையே 2, 3, 4 நேர்மின்சுமை கொண்டவை. டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் எதிர்மின்சுமை கொண்டவை என்பதால் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். பெரும்பகுதி ஆர்என்ஏவோடுதான் இருக்கும்.

கேள்வி: மின்சுமைதான் காரணம் என்றால், நேர்மின்சுமை கொண்ட மக்னீசியமே போதாதா?

பதில்: போதாது. ஸ்பெர்மிடினுக்கு வேறு யாரும் செய்ய முடியாத ஒரு வேலை உண்டு. அதன் ஒரு துண்டை வெட்டி, இஐஎஃப்5ஏ என்ற புரதத்தில் உள்ள ஒரே ஒரு லைசின் அமினோ அமிலத்தில் செல் ஒட்டவைக்கிறது. அப்படி உருவாகும் ஹைப்யூசின் என்ற அமினோ அமிலம் செல்லில் வேறு புரதங்களில் கிடையாது. புரோலின் என்ற அமினோ அமிலம் அடுத்தடுத்து வரும் இடங்களில், புரதம் தயாரிக்கும் ரைபோசோம் திணறி நிற்கும். அதை நகர்த்திவிடுவது இந்தப் புரதம்தான். பாலிஅமீன் தயாரிப்பின் முதல் நொதி ஓடிசி (ஆர்னித்தின் டிகார்பாக்சிலேஸ்). அதன் மரபணு இல்லாத எலிக்கரு கருப்பையில் பதிந்த சிறிது நேரத்திலேயே இறந்துவிடுகிறது.

கேள்வி: வளர்ப்புச் செல்களுக்கு ஸ்பெர்மிடின் சேர்த்தேன், எல்லாம் செத்துவிட்டன. அளவு சரிதான். எங்கே தவறு?

பதில்: வளர்ப்பு ஊடகத்தில் நீங்கள் சேர்த்தது மாட்டுக் கன்றுச் சீரமா (ரத்தத்திலிருந்து எடுக்கும் தெளிந்த திரவம்)? அப்படியென்றால் உங்கள் செல்களைக் கொன்றது ஸ்பெர்மிடினாக இருக்காது. அந்தச் சீரத்தில் உள்ள அமீன் ஆக்சிடேஸ் என்ற நொதி, ஸ்பெர்மிடினையும் ஸ்பெர்மினையும் நச்சு ஆல்டிஹைடுகளாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாற்றிவிடும். அந்த நொதியைத் தடுக்கும் அமினோகுவானிடினை 1 மில்லிமோலார் சேர்த்துத் திரும்பச் செய்து பாருங்கள். அமினோகுவானிடின் மட்டும் போட்ட ஒரு தட்டையும் கட்டாயம் வையுங்கள், ஏனென்றால் அது நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதியையும் தடுக்கும். "பாலிஅமீன் செல்லைக் கொல்லும்" என்ற பழைய முடிவுகளைப் படிக்கும்போதெல்லாம் நான் முதலில் எந்தச் சீரம் என்றுதான் தேடுவேன்.

கேள்வி: பாலிஅமீன் அளவு கூடாமல் செல் எப்படிப் பார்த்துக்கொள்கிறது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பாலூட்டிகளின் செல்லில் ஓடிசியின் அரை ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரம்கூட இல்லை. அதை அழிவுக்கு அனுப்புவது ஆன்டிசைம் என்ற புரதம். ஆன்டிசைமின் எம்ஆர்என்ஏவில் (ரைபோசோம் படிக்கும் செய்முறைப் பிரதி) நடுவிலேயே ஒரு நிறுத்தக் குறி இருக்கிறது. பாலிஅமீன் குறைவாக இருந்தால் ரைபோசோம் அங்கேயே நின்றுவிடும். அதிகமானால் ரைபோசோம் ஒரு எழுத்து தள்ளிப் படிக்கும், நிறுத்தக் குறி மறைந்துபோகும், முழு ஆன்டிசைமும் உருவாகிவிடும். அது ஓடிசியைப் பிடித்து, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமிடம் ஒப்படைக்கிறது, வழக்கமாக அழிக்க வேண்டிய புரதத்தில் குத்தப்படும் யுபிக்விட்டின் முத்திரைகூட இல்லாமல். வெளியிலிருந்து பாலிஅமீன் உள்ளே வருவதையும் குறைக்கிறது. அதாவது அளவைப் பார்க்கும் கருவி ரைபோசோமே.

கேள்வி: புற்றுநோய் செல்லுக்குப் பாலிஅமீனைக் கொடுக்காமல் பட்டினி போட முடியுமா?

பதில்: முயன்றார்கள். மிக் என்ற புற்றுமரபணு ஓடிசியை நேரடியாகத் தூண்டுகிறது. ஓடிசியை முடக்கும் எஃப்ளார்னித்தின் என்ற மருந்து 1970களில் உருவானது. தனியாகக் கொடுத்தபோது பெரிய பலன் இல்லை, செல்கள் வெளியிலிருந்து பாலிஅமீனை எடுத்துக்கொண்டன. ஆனால் ஒட்டுண்ணியால் வரும் ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு அது நன்றாக வேலை செய்தது, 1990-ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. நம் செல் புது ஓடிசியைச் சீக்கிரமே செய்துகொள்ளும். அந்த ஒட்டுண்ணியின் ஓடிசி அழியாமல் நீண்ட நேரம் இருப்பது, அதனால் முடங்கியதற்கு மாற்று வரத் தாமதமாகும். 2023 டிசம்பரில் குழந்தைகளைத் தாக்கும் அதிக ஆபத்துள்ள நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புச் செல் புற்றுநோய் திரும்ப வராமல் தடுக்கவும் அதே மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது. கேட்கும் திறன் குறையலாம் என்பதால் காதுப் பரிசோதனை அவசியம்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. ஸ்பெர்மிடின் மாத்திரை வாங்கலாமா?

பதில்: என் கருத்து, இப்போது வேண்டாம். ஈஸ்ட், புழு, ஈ, எலி எல்லாவற்றிலும் ஆயுள் கூடியது உண்மைதான், செல் தன் பழைய பாகங்களைத் தானே சிதைத்துச் சுத்தம் செய்யும் வேலை தூண்டப்படுவதும் உண்மை. ஆனால் ஜெர்மனியில் 100 முதியவர்களுக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்த்ததில் நினைவாற்றலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. கோதுமை முளைக்கரு, சோயா, காளான், பட்டாணி இவற்றில் ஸ்பெர்மிடின் இருக்கிறது, அவற்றைச் சாப்பிடட்டும். புற்றுநோய் சிகிச்சையில் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை எதுவும் வேண்டாம்.

கேள்வி: பிறவியிலேயே இதில் கோளாறு வருமா?

பதில்: அரிதாக வரும். ஸ்பெர்மின் தயாரிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அது பழுதானால் ஆண் குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சிக் குறைவும் எலும்பு பலவீனமும் வரும். இது ஸ்னைடர்-ராபின்சன் நோய். இதற்கு நேர்மாறானது 2018-ல் விவரிக்கப்பட்ட பாக்மன்-பப் நோய். ஓடிசியின் வால்பகுதி வெட்டுப்பட்டுப் போவதால் அது அழியாமல் சேர்ந்துகொண்டே போகும். வளர்ச்சி தாமதப்படும், முடி உதிரும். அப்படி ஒரு சிறுமிக்கு எஃப்ளார்னித்தின் கொடுத்தார்கள். தலையிலும் புருவத்திலும் முடி வளர ஆரம்பித்தது.