ரீஃபர்பிஷ்டு லேப்டாப்பா, புதியதா?

கேள்வி: நான் தனியாக வேலை எடுத்துச் செய்யும் வீடியோ எடிட்டர். போஸ்டர், லோகோ டிசைனும் உண்டு. என் பழைய லேப்டாப் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கும் வேலை) ஓடும்போது பாதியில் அணைந்துவிடுகிறது. ஐந்து மாதச் செலவுக்கான சேமிப்பு இருக்கிறது. ரீஃபர்பிஷ்டு, அதாவது சோதித்துச் சரிசெய்து மறுபடி விற்கும் பழைய லேப்டாப், வாங்கினால் அதில் இரண்டு மாதப் பணம் போகும். புதியதை 18 மாத இஎம்ஐயில் எடுக்கலாம். சில மாதங்களில் வருமானமே வராது. எது சரி?

பதில்: ரீஃபர்பிஷ்டு வாங்குங்கள். ஆனால் மலிவு என்பதற்காக அல்ல.

புதியதன் விலை 100 என்றால் ரீஃபர்பிஷ்டு 60 என்று வைத்துக்கொள்வோம். புதியது ஐந்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு 20. ரீஃபர்பிஷ்டுக்கு நடுவில் பேட்டரி மாற்ற 6 சேர்த்து, மூன்று வருடம் ஓடினால் வருடத்துக்கு 22. புதியதன் மேல் இஎம்ஐ வட்டியையும் ஏற்றினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உண்மையான வித்தியாசம் கடனில் இருக்கிறது. வேலை வராத மாதத்திலும் தவணை வரும். அந்தப் பயத்தில் குறைந்த கூலிக்கு வேலையை ஒப்புக்கொள்ள ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் ஆகும் நஷ்டம் வட்டியைவிடப் பெரியது.

விலைக் குறைப்பு கால் பங்குகூட இல்லை என்றாலோ, விற்பவர் வாரண்டி தரவில்லை என்றாலோ இந்தக் கணக்கு உடைந்துவிடும். அப்போது கொஞ்சம் பொறுத்து, பணம் சேர்த்துப் புதியதே வாங்கலாம்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? முதலில் திரை. எல்லோரும் பிராசஸரைக் கேட்பார்கள், திரையை விட்டுவிடுவார்கள். அலுவலக வேலைக்கென்று செய்த பல லேப்டாப்களில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' வகைத் திரை, அதாவது குறைந்த அளவு நிறங்களையே காட்டும் திரை, இருக்கும். அதில் சிவப்பும் பச்சையும் வெளுத்துத் தெரியும். நீங்கள் அதை ஈடுகட்ட நிறத்தை ஏற்றுவீர்கள். வாடிக்கையாளரின் போனில் அது கண்ணைக் குத்தும். எஸ்ஆர்ஜிபி (இணையத்திலும் பெரும்பாலான திரைகளிலும் பொதுவாகப் பயன்படும் நிற அளவுகோல்) நிறங்களை முழுமையாகக் காட்டும் திரைதான் வேண்டும். மாடல் எண்ணை வைத்துத் திரை விவரத்தைத் தேடிப் பாருங்கள், ஒரே மாடலிலேயே இரண்டு மூன்று திரைகள் வரும்.

அடுத்தது ரேம். 2020 இறுதியில் வந்த எம்1 சிப் மாடல்கள் முதல் ஆப்பிள் மேக்புக்குகளில் வாங்கிய பிறகு ரேமைக் கூட்ட முடியாது. மெலிதான பல விண்டோஸ் லேப்டாப்களிலும் அப்படித்தான். 16 ஜிபிக்குக் கீழே வேண்டாம். 4கே வீடியோ அடிக்கடி வருமென்றால் 32. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பழைய பிராசஸர்களை அதிகாரப்பூர்வமாக ஏற்காது. அதனால் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

விற்பவர்கள் போடும் 'ஏ கிரேடு' என்பது பெரும்பாலும் வெளித்தோற்றத்துக்கான மதிப்பெண். உள்ளே இருப்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால், புதிதாக இருந்தபோது எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என்று தெரியும். மேக்புக்கில் பேட்டரியின் சைக்கிள் எண்ணிக்கையை, அதாவது முழு சார்ஜ் அளவு எத்தனை முறை செலவாகியிருக்கிறது என்பதை, பாருங்கள். இப்போதைய மாடல்களுக்கு 1000 வரை கணக்கு. முந்தைய உரிமையாளரின் ஆக்டிவேஷன் லாக் (அவருடைய ஆப்பிள் கணக்கோடு கட்டப்பட்ட பூட்டு) நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பணம் கொடுக்கும் முன் உறுதி செய்யுங்கள். அப்புறம், திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் நாட்களுக்குள் உங்களிடம் உள்ள மிகக் கனமான புராஜெக்ட்டை ஒரு மணி நேரம் ரெண்டர் செய்து பாருங்கள். சூட்டில் வேகம் இறங்கினால் தயங்காமல் திருப்பிவிடுங்கள்.

மீதமிருக்கும் மூன்று மாதச் சேமிப்பைத் தொட வேண்டாம், ஒன்றைத் தவிர: ஒரு வெளி ஹார்டு டிஸ்க். அதை லேப்டாப்புக்கு முன்பே, இந்த வாரமே வாங்கி, வாடிக்கையாளர் கோப்புகளை எல்லாம் நகலெடுத்து வையுங்கள்.