கொழிஞ்சாம்பாறைக் கடை கம்ப்யூட்டரில், வைரஸ் தடுப்பு மென்பொருளான மால்வேர்பைட்ஸின் 4-ஆம் பதிப்புக்கு மேலேயே 5-ஐ ஏற்றினீர்கள், பாதியில் நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

பழைய 4-ஐச் சுத்தமாக நீக்கிவிட்டு அப்புறம் 5-ஐப் போடுங்கள். நீங்கள் செய்ததுபோல பழையதன் மேலேயே ஏற்ற வேண்டாம்.

கண்ட்ரோல் பேனலில் நீக்கினாலும் பின்னணியில் ஓடும் அதன் பழைய சர்வீஸும் டிரைவரும் சில சமயம் தங்கிவிடும். உங்களுக்கு வழிமறிப்பது பெரும்பாலும் அதுதான். மால்வேர்பைட்ஸ் தளத்திலேயே சப்போர்ட் டூல் கிடைக்கும். அதில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் கிளீன் கொடுங்கள். ரீஸ்டார்ட் கேட்டால் உடனே செய்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கிய பதிப்பு என்றால், இதற்கெல்லாம் முன்னால் லைசென்ஸ் கீயைத் தாளில் எழுதி வையுங்கள்.

ரீஸ்டார்ட் ஆனதும் டாஸ்க் மேனேஜரில் சர்வீசஸ் பக்கத்தைப் பாருங்கள். எம்பிஏஎம்சர்வீஸ் (MBAMService) என்ற மால்வேர்பைட்ஸ் சர்வீஸின் பெயர் இன்னும் இருந்தால், கிளீனை இன்னொரு தடவை ஓட்டுங்கள்.

இன்னொன்று, வழக்கமாக இறக்கும் செட்டப் ஃபைல் சின்னது. மீதியை நெட்டிலிருந்துதான் இழுக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக் காலத்தில் உங்கள் பக்கம் கரண்ட் எப்படி என்று தெரியும்தானே. யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். நெட் இல்லாமலே போடக்கூடிய முழு ஃபைலான ஆஃப்லைன் இன்ஸ்டாலர் கிடைத்தால் இன்னும் நல்லது.

கடையில் ஓடுவது விண்டோஸ் 7 என்றால் மட்டும் இது எதையும் செய்யாதீர்கள். 5-க்கு விண்டோஸ் 10 அல்லது 11 வேண்டும். ரன் பெட்டியில் வின்வெர் (winver) என்று ஆங்கிலத்தில் அடித்தால் எந்த விண்டோஸ் என்று காட்டிவிடும்.