பழைய தையல் மெஷின்: கேட்டதும் சொன்னதும்

கோவையில் நானும் என் வீட்டுக்காரரும் 22 வருடமாகப் பழைய தையல் மெஷின் சேர்த்து வருகிறோம். அவர் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர், நான் ஜாக்கெட் தைத்துக் குடும்பம் நடத்தியவள். இப்போது வீட்டில் 31 மெஷின் இருக்கிறது. அதில் 27 தைக்கும். மீதி நாலையும் தைக்க வைக்காமல் விடுவதாக இல்லை. வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, எங்க பாட்டியோட சிங்கர்ல நீல ஓரம் வச்ச பித்தளை வில்லை இருக்கு. 1851–1951னு போட்டிருக்கு. 1851ல செஞ்சதா? எவ்வளவுக்குப் போகும்? (தஞ்சாவூர்)

இல்லை தம்பி. 1851 என்பது ஐசக் மெரிட் சிங்கர் அமெரிக்காவில் தன் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிய வருடம். அதன் நூறாவது ஆண்டைக் கொண்டாடத்தான் 1951-ஐ ஒட்டி வந்த மெஷின்களில் அந்த வில்லையைப் பதித்தார்கள்.

வயதை வில்லையில் பார்க்காதீர்கள். அடித்தட்டின் வலது ஓரத்தில் எண் குத்தியிருக்கும், அதைப் பாருங்கள். பல வருட அழுக்கு மூடிக் கிடக்கும். மெஷின் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எழுத்து தானாக எழும்பி வரும். நம் பக்கத்தில் கிடைக்கும் பழைய சிங்கர்களில் நிறைய ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் செய்தவை. அங்கே கில்போவி ஆலை 1885 முதல் 1980 வரை ஓடியது. ‘15கே’ என்று ஒரு மெஷின் வகையைச் சொல்கிறோமே, அந்த ‘கே’ கில்போவிதான். எண்ணுக்கு முன்னால் ‘ஒய்’ மட்டும் இருந்தால் 1920-களிலோ 30-களின் முதல் பாதியிலோ அங்கே செய்தது. ‘ஈ’யில் தொடங்கும் இரண்டு எழுத்து இருந்தால் 1930-களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்தது.

விலைக்கு லட்சம் எதிர்பார்க்காதீர்கள். சிங்கர் கோடிக்கணக்கில் செய்த பொருள். பாட்டி தைத்தது என்பதுதான் உங்கள் மெஷினுக்கு உள்ள தனி மதிப்பு, அதை வேறு யாரும் விலை கொடுத்து வாங்க முடியாது.

ஒருத்தர் போன் பண்ணி, பழைய சிங்கர் ஊசிக்கிட்ட செல்போனை வச்சா லைன் கட் ஆகணும், அப்படி கட் ஆனா அதுல ரெட் மெர்க்குரி இருக்கு, 50 லட்சம் தர்றேன்னு சொல்றார். முன்பணம் 10,000 கேக்குறார். நம்பலாமா? (சேலம்)

நம்பாதீர்கள், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 2009-ல் சவுதி அரேபியாவில் இதே புரளி கிளம்பி, ஜனங்கள் பழைய சிங்கருக்காக அலைந்தார்கள். அப்போதும் இதே செல்போன் சோதனைதான். ரெட் மெர்க்குரி என்பதே கட்டுக்கதை. தையல் மெஷினுக்குள் இருப்பது வார்ப்பிரும்பு, எஃகு, கொஞ்சம் பித்தளை. ஊசிக் கம்பியைக் கழற்றி எத்தனையோ முறை துடைத்துப் போட்டிருக்கிறேன், அது வெறும் கம்பி. ரைஸ் புல்லிங் கலசம் என்று நம் ஊரில் எத்தனை பேரை ஏமாற்றினார்கள், அதே கும்பல் புத்திதான் இது. சைபர் குற்றத்துக்கான 1930 எண்ணில் புகார் கொடுங்கள்.

அம்மா, பரண்ல இருந்து இறக்கின கால் மெஷின். சக்கரம் அசையவே மாட்டேங்குது. துரு பிடிச்சிடுச்சா? தூக்கிப் போடணுமா? (ஈரோடு)

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்களிடம் வந்த இறுகிப்போன மெஷின்களில் துருவால் நின்றதைவிட எண்ணெயால் நின்றதே அதிகம். நம் வீடுகளில் மெஷின் கிரீச் என்றால் உடனே சமையலறைக்குப் போய்த் தேங்காய் எண்ணெயை எடுத்து விட்டுவிடுவோம். அது மார்கழிக் குளிரில் உறையும், துணிப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு களிம்பாகிவிடும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அதைவிட மோசம். காற்றுப் பட்டுப் பட்டுப் பலாப்பிசின் மாதிரி இறுகும்.

சக்கரத்தைப் பலம் போட்டுத் திருப்பாதீர்கள். முதலில் ஷட்டில், அதாவது அடி நூலோடு ஓடும் பாகம், இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். எங்கள் மூன்றாவது மெஷினை இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊற வைத்தும் அசையவில்லை. கடைசியில் வீட்டுக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், ஷட்டிலுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. சாமணத்தால் இழுத்தால் ஒரு ஜாண் நீளத்துக்குக் கறுப்பு நூல் சுருள் சுருளாக வந்தது. எந்த வீட்டுப் பெண்ணோ பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோன தையலின் நூல் அது. அதை எடுத்ததும் சக்கரம் ஒரு சுற்றுப் போனது.

நூல் இல்லையென்றால், மேலே எண்ணெய் விடும் ஓட்டைகள் எல்லாவற்றிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள். இடது பக்க முகத்தகட்டையும் கழற்றி உள்ளே விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. ஒரு நாள் விட்டு சக்கரத்தை முன்னும் பின்னும் தாலாட்டுகிற மாதிரி அசையுங்கள். ஒரு நெல்மணி அளவு அசைந்தால் போதும், மறுநாள் இன்னும் கொஞ்சம் அசையும். ஓடத் தொடங்கியதும் பழுப்பாக வடியும், அதைத் துடைத்துவிட்டுக் கட்டாயம் மெஷின் எண்ணெய் விடுங்கள். மண்ணெண்ணெய் கழுவிவிடுமே தவிர, இரும்புக்கு வழுக்கல் தராது.

இன்னொன்று. மேலே உள்ள தங்கப் பூவேலையை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். அதன் மேல்பூச்சு அரக்கு, ஸ்பிரிட் பட்டால் பூவோடு சேர்ந்து கரைந்து வந்துவிடும். நானே ஒரு மெஷினில் தாமரை இதழ் ஒன்றை அப்படி அழித்துவிட்டேன். இன்றும் அதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

தைக்கும்போது அடியில நூல் கொத்தா சிக்கிக்குது. அடி நூல் போடுற பாபின் கேஸை மாத்திட்டேன், அப்பவும் அப்படியேதான். (திருப்பூர்)

அடியில் சிக்கினால் பெரும்பாலும் குற்றம் மேல் நூலில்தான். மேல் நூலுக்கு இழுவிசை இல்லாவிட்டால் மொத்தமும் கீழே போய்க் குவியும். துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்க்க வேண்டும், அப்போதுதான் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் இறங்கி உட்காரும். ஊசியில் நீளப் பள்ளம் உள்ள பக்கம், நூல் வரும் பக்கத்தைப் பார்த்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கட அம்மம்மா பாவிச்ச கை மெசின். பாபின் வட்டமா இல்லை, நீட்டுக் குச்சி மாதிரி. அதைப் போடுற கூடு துலைஞ்சு போச்சுது. இனி அது தைக்காதோ? (யாழ்ப்பாணம்)

தைக்கும் தங்கச்சி. உங்களுடையது சிங்கரின் 27 அல்லது 28 வகையாக இருக்க வேண்டும். 28 கொஞ்சம் சின்ன உடம்பு. இரண்டிலும் ஷட்டில் தோட்டா வடிவில் இருக்கும், ஊஞ்சல் மாதிரி போய்வரும். இந்த ஷட்டில் புதிதாகவும் செய்து விற்கிறார்கள், பழையதும் கிடைக்கும். ஆனால் பழையது வாங்கினால் நுனியை விரல் நகத்தில் உரசிப் பாருங்கள், சொரசொரவென்று இருந்தால் நூலை அறுக்கும். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877-ல். அதனால் உங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இப்படி ஒன்று துணி மூடிக் கிடக்கலாம், சொந்தக்காரரிடம் எல்லாம் கேட்டுப் பாருங்கள். ஒரு மெஷின் கெட்டுப்போனாலும் அதன் ஷட்டில் இன்னொன்றை ஓட்டும்.

உஷா, மெரிட் எல்லாம் சேர்க்கத் தகுந்ததா? இல்ல சிங்கர்தான் மதிப்பா? (நாகர்கோவில்)

கட்டாயம் சேருங்கள். கல்கத்தாவின் ஜே இன்ஜினியரிங் 1930-களில் உஷாவைத் தொடங்கியபோது, இந்த நாட்டிலேயே தையல் மெஷின் செய்ய முடியும் என்று காட்டியது. பழைய கறுப்பு உஷாக்களை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை, எடைக்குப் போகின்றன. எனக்கு அதுதான் பெரிய கவலை. அவற்றின் அமைப்பு சிங்கர் 15-ஐப் பின்பற்றியது, அதனால் பாபினும் பாபின் கேஸும் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது உஷாதான்.

மோட்டார் போடலாமா? (கரூர்)

போடலாம். உடம்பில் ஓட்டை போடாமல் மாட்ட முடிந்தால் மட்டும்.

அக்கா, என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் இரும்புக் குப்பை. உங்க வீட்ல ரெண்டு பேருக்கும் எப்படி ஒரே ஆசை வந்துச்சு? (மதுரை)

ஒரே ஆசை இல்லை, இரண்டு ஆசை. அவருக்கு அது ஓட வேண்டும், எனக்கு அது தைக்க வேண்டும். முதல் மெஷினைப் பழைய இரும்புக் கடைத் தராசிலிருந்து இறக்கி வாங்கியவர் அவர்தான். வார்ப்பு சுத்தமாக இருக்கிறதே, உடைக்கப் போகிறார்களே என்றுதான் வாங்கினாராம். வீட்டுக்கு வந்ததும் புதுப் பெயின்ட் அடிக்கிறேன் என்றார், நான் விடவில்லை. முன் ஓரத்தில் ஓர் உள்ளங்கை அளவுக்குப் பூவேலை தேய்ந்து இரும்பு பளபளவென்று தெரிந்தது. நான் தைக்க உட்கார்ந்தபோது என் இடது கை சரியாக அந்த இடத்தில்தான் போய்ப் படிந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு பெயின்ட் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

1924-ல் ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் காந்தியிடம், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். பின்னாளில் நம் காந்திகிராமத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்கு உண்டு என்றார் காந்தி. மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்று காரணமும் சொன்னார். சிங்கர் பாஸ்டன் பட்டறை ஒன்றில் பழுதுக்கு வந்த மெஷினைப் பார்த்துத்தான் தன்னுடையதைச் செய்தார் என்பது வரலாறு. ஆனாலும் என் வீட்டுக்காரர் நான் தைக்கும் மெஷினின் பெல்ட்டை நான் கேட்காமலே இழுத்துக் கட்டும்போது எனக்குக் காந்தி சொன்னதுதான் நினைவுக்கு வருகிறது.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு திருப்புளியைக் கொடுத்து முகத்தகட்டைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். உள்ளே ஊசிக் கம்பி ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுக் குப்பை என்று சொல்லட்டும்.

கால் மெஷின் ஸ்டாண்டு மேல கண்ணாடி போட்டு டைனிங் டேபிள் பண்ணலாம்னு இருக்கோம். மெஷின் மட்டும் வேண்டாம், என்ன செய்றது? (சென்னை)

தலை, அதாவது மேலே உள்ள மெஷின், இல்லாத ஸ்டாண்டு என்றால் தாராளமாகச் செய்யுங்கள். தலையோடு இருந்தால் பிரிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மெஷின் தலை தனியாகப் போனால் நேராக எடைக்குத்தான் போகும். பிரித்தே தீருவீர்கள் என்றால், பக்கத்தில் ஸ்டாண்டு மட்டும் வைத்திருக்கும் டெய்லர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். எங்கள் வீட்டிலேயே தலை இல்லாமல் இரண்டு ஸ்டாண்டு நிற்கிறது, பெல்ட்கூட மாட்டி வீட்டுக்காரர் தயாராக வைத்திருக்கிறார்.